வலப்பக்க ஸ்டீயரிங், வலப்பக்கச் சாலை: கேம்பர் வேனில் தொலையும் எண்பது சென்டிமீட்டர்

மலேசியாவின் பீடோங்கிலிருந்து வடக்கே கிளம்பும் கேம்பர் வேனுக்கு புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டியதும் ஒன்றும் மாறிவிடுவதில்லை. தாய்லாந்திலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஹட்யாய், பேங்காக், கோராட், உடோன் தானி என்று நோங் காய் வரை ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பழகிய கை, பழகிய கண். அதன் பிறகு மேக்கோங் ஆற்றின் மேல் 1994 ஏப்ரலில் திறந்த முதல் நட்புறவுப் பாலம். 1,170 மீட்டர் நீளம். பாலத்தின் மேலும் இடப்பக்கம்தான். லாவோஸ் கரையில், சோதனைச் சாவடிக்குச் சற்று முன்னால், சமிக்ஞை விளக்கு வைத்து வண்டிகளை வலப்பக்கம் மாற்றிவிடுகிறார்கள். பல நாள் ஓட்டிக் களைத்த நேரத்தில்தான் இந்த மாற்றம் வருகிறது.

பக்கம் மாறுவது அப்படியொன்றும் பெரிய சிரமமில்லை. முன்னால் போகும் வண்டியைப் பார்த்து அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். பழகாதது வேறு. உங்கள் இருக்கை இப்போது சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இல்லை, ஓரத்துப் பக்கம் இருக்கிறது. ஹையேஸ் அளவு வேனில் ஓட்டுநரின் கண் வண்டியின் நடுவிலிருந்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் வலப்பக்கம் இருக்கும். லாவோஸ்காரர் வண்டியில் அதே 40 இடப்பக்கம். ஆக அவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் 80 சென்டிமீட்டர். கேட்கும்போது சின்னதாகத் தெரியும். ஒரு லோரியின் பின்னால் மாட்டிக்கொண்டால்தான் அது எவ்வளவு என்று புரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தடம் 3.5 மீட்டர், முன்னால் போகும் லோரி 2.5 மீட்டர் அகலம், எதிரே வரும் கார் 1.8 மீட்டர். சாலை நேராக இருக்கிறது. எல்லாரும் அவரவர் தடத்தின் நடுவில் போகிறார்கள். லோரியின் பின்பக்கத்துக்கும் உங்கள் கண்ணுக்கும் 30 மீட்டர் இடைவெளி. இந்த நிலையில் எதிர்த்தடத்தில் வரும் கார் ஏறக்குறைய 87 மீட்டர் தொலைவுக்குள் வந்த பிறகுதான் அதன் ஓரமாவது உங்களுக்குத் தெரியும். அதற்கு அப்பால் இருப்பதை லோரி முழுக்க மறைத்துவிடும். அதே இடத்தில் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டி ஓட்டுபவருக்கு 141 மீட்டர் தெரியும். ஒரே சாலை, ஒரே லோரி.

பலரும் இங்கே செய்யும் தவறு, லோரியை நெருங்கி, மெல்ல இடப்பக்கம் நகர்ந்து எட்டிப் பார்ப்பது. நம் ஊர்ப் பழக்கம் அது. செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லோரியின் பின்னால் நிற்கும்போது நாம் வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து பார்ப்போம். கண் கோட்டுக்கு அருகில் இருப்பதால் வண்டி கோட்டைத் தொடும்போதே சாலை தெரிந்துவிடும். வலப்பக்கச் சாலையில் அதைச் செய்தால், லோரியின் விளிம்பைக் கண் தாண்டுவதற்குள் 1.88 மீட்டர் அகல வேன் எதிர்த்தடத்துக்குள் 84 சென்டிமீட்டர் நுழைந்திருக்கும். லாவோஸ்காரர் வண்டி அதே பார்வைக்கு 4 சென்டிமீட்டர் நுழைந்தால் போதும். எட்டிப் பார்ப்பதே மோதலாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

மாற்று வழி இரண்டு. ஒன்றுக்கும் காசு செலவில்லை.

முதலாவது இடைவெளி. மேலே சொன்ன கணக்கில் தெரியும் தூரம் இடைவெளியோடு நேர் விகிதத்தில் கூடும். நடுவில் போனால் இடைவெளியைப் போல 2.9 மடங்கு. 60 மீட்டர் விட்டால் 174 மீட்டர். இரண்டாவது, தடத்துக்குள்ளேயே இடப்பக்கமாக 60 சென்டிமீட்டர் ஒதுங்கிப் போவது. கோட்டைத் தொடாமலே 2.9 மடங்கு 4 மடங்காகிறது. 60 மீட்டர் இடைவெளியில் 240 மீட்டர் தெரியும். சட்டத்தையும் மீறவில்லை, காசும் செலவில்லை. லோரிச் சட்டத்தில் கட்டிய 2.2 மீட்டர் அகல மோட்டார்ஹோம் என்றால் இந்த ஒதுக்கம் 40 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். அதுவும் எதிரே பேருந்து வராத நேரத்தில் மட்டும்.

முந்துவதற்கு எவ்வளவு தூரம் தேவை? லோரி 60 கிலோமீட்டர் வேகம், நீங்கள் 80. வித்தியாசம் வினாடிக்கு 5.6 மீட்டர். பின்னால் 30 மீட்டர், லோரி 12, உங்கள் வேன் 6, முந்தியபின் விட வேண்டியது 25. மொத்தம் 73 மீட்டர். 13 வினாடி ஆகும். அதற்குள் நீங்கள் 290 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 80-இல் வருபவரும் 290. ஆக 580 மீட்டர் வெறும் சாலை வேண்டும். அந்த 30 மீட்டர் இடைவெளியில் உங்களுக்குத் தெரிவதோ 87, இடப்பக்கம் ஒதுங்கிப் போனால் 120. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் இருவழிச் சாலையில் லோரியின் பின்னாலிருந்து முந்தமாட்டார். கூடுதல் தடம் வரும்வரை, அல்லது லோரி ஓரம் கட்டும்வரை பின்னாலேயே போவார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சாலை வலப்பக்கம் வளையும்போது லோரியின் வலப்பக்கம் வழியாக முன்னால் நீளும் சாலை உங்களுக்குத் தெரியும். ஓரத்தில் உட்கார்ந்திருப்பதன் நன்மை இது. இடப்பக்க ஸ்டீயரிங்காரருக்கு இந்தப் பார்வை கிடைக்காது. வளைவில் நன்றாகப் பின்தங்கி, வலப்பக்கமாகப் பார்த்து, எதிரே எதுவும் இல்லை என்று படித்து வைத்துக்கொண்டு, வளைவு நேராகும் இடத்தில் வெளியே வரலாம். இடப்பக்க வளைவில் இந்த முயற்சியே கூடாது.

ஓரத்தில் இருப்பதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. நடந்து போவோர், நாய், சாலையோர மோட்டார், பள்ளம் எல்லாம் உங்கள் சன்னலுக்குக் கீழேயே இருக்கும். இந்த விஷயத்தில் உங்கள் வண்டி உள்ளூர் வண்டியைவிட நன்றாகப் பார்க்கிறது. ஆனால் உடம்பு பழையபடி நடுக்கோட்டைத் தேடும். வாழ்நாள் முழுக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய உடம்பு, இங்கேயும் கோட்டுக்கு அருகில் போய் நிற்கப் பார்க்கும். அப்போது வண்டியின் இடப்பாதி எதிர்த்தடத்தில் இருக்கும். இதற்கு மருந்து கண்ணாடியில் ஒரு துண்டு டேப். தோட்டத்துத் தார்ச்சாலையில் வலப்பக்க டயர் சாலை விளிம்பிலிருந்து சரியாக 50 சென்டிமீட்டரில் நிற்கும்படி வண்டியை நிறுத்துங்கள். ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, சாலை விளிம்பு முன்கண்ணாடியின் அடியை எங்கே வெட்டுகிறதோ அங்கே விரல் நகம் அளவு டேப் ஒட்டுங்கள். பிறகு விளிம்பு அந்த டேப்பில் இருக்கும்படி ஓட்டினால் வண்டி தடத்தில் இருக்கும். இருக்கையின் உயரத்தை மாற்றினால் டேப்பையும் மாற்ற வேண்டும். கணவன் மனைவி மாறி மாறி ஓட்டினால் இரண்டு நிற டேப்.

கண்ணாடிகள்

நம் ஊரில் முந்தும்போது பார்ப்பது வலது பக்கக் கண்ணாடி. அது முகத்துக்கு அருகில் இருக்கிறது. வலப்பக்கச் சாலையில் அந்த வேலை இடது கண்ணாடிக்குப் போய்விடும். அதுவோ ஒன்றரை மீட்டர் தள்ளி, குவிந்த கண்ணாடி. குவிந்த கண்ணாடியில் எல்லாம் சிறிதாகத் தெரியும். சிறிதாகத் தெரிந்தால் மூளை ‘தூரத்தில் இருக்கிறது, மெதுவாக வருகிறது’ என்று கணக்குப் போடும். விரைவுச்சாலையில் இடது தடத்துக்கு மாறும்போது இந்தக் கணக்குதான் காலை வாரும். வண்டி வாங்கிய நாளிலிருந்து இந்தக் கண்ணாடியை ஓரக்கல்லைப் பார்க்கத்தான் பயன்படுத்தியிருப்பீர்கள். வேகத்தை அளக்க ஒருநாளும் பயன்படுத்தியிருக்க மாட்டீர்கள்.

அதற்குப் பயிற்சி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளித் திடல் ஓரத்தில் வேனை நிறுத்தி, நண்பரின் காரை இடப்பக்கத் தடத்தில், உங்கள் பின்பக்கத்திலிருந்து 30 மீட்டரில் நிற்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் அதன் அளவைப் பாருங்கள். பிறகு 60 மீட்டர். அடுத்து 15. மூன்று அளவையும் இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தால் கண்ணில் பதிந்துவிடும். இதைச் செய்யாமல் கேமராவுக்குக் காசு செலவழிப்பது, கண் பரிசோதிக்காமல் கண்ணாடி வாங்குவது மாதிரி.

அதே திடலில் மறைவிடத்தையும் அளக்கலாம். நாலு காலிச் சாயத் தகர டின்கள் போதும். வேனின் இடப்பக்கச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, பின் பம்பருக்கு நேராக ஒருவர் டின்னோடு நிற்கட்டும். அவர் மெல்ல முன்னே நடந்து வர, கண்ணாடியில் மறையும் இடத்தில் ஒரு டின். தலையைத் திருப்பினால் இடது சன்னல் வழியாக முதலில் தெரியும் இடத்தில் இன்னொன்று. மூன்று மீட்டர் தள்ளி அதே போல இன்னும் இரண்டு. நாலு டின்னுக்கும் நடுவே இருக்கும் நிலம்தான் உங்கள் வண்டியின் குருட்டுப் பகுதி. கேம்பராக மாற்றிய வேனில் பின்சன்னல்களை அலமாரி மறைத்திருப்பதால் இதற்குள் ஒரு மைவி கார் முழுசாக ஒளிந்துகொள்ளும்.

இடது கண்ணாடியை நம் ஊரில் வைப்பதைவிடச் சற்று வெளியே திருப்ப வேண்டும்; வண்டியின் சுவர் உள்விளிம்பில் ஒரு நூல் போலத் தெரிந்தால் போதும். அடிவானம் நடுவில். மேல் வெளிமூலையில் 5 சென்டிமீட்டர் வட்டக் குவிகண்ணாடி ஒன்று, கார் அலங்காரக் கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைப்பது. அதைத் தாறுமாறாகக் கீழ்மூலையில் ஒட்டிவிட்டால் உங்கள் பின்சக்கரத்தை மட்டுமே காட்டும். ஒட்டும் முறையிலும் கவனம் வேண்டும். கண்ணாடியை ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு அழுத்திப் பிடித்து, 24 மணி நேரம் மழையில் விடாமல் வைக்க வேண்டும். நல்ல இருபக்க டேப்புக்கே அந்த அவகாசம் தேவை. நம் ஊர் ஈரக் காற்றில் அவசரமாக ஒட்டி மறுநாள் பயணம் கிளம்பினால் ஹட்யாய் போய்ச் சேர்வதற்குள் வட்டக் கண்ணாடி உதிர்ந்திருக்கும்.

இடது சன்னல் கண்ணாடியில் ஒட்டும் ஃபிரெனல் வில்லை பற்றி இங்கே பலருக்குத் தெரியாது. மெல்லிய பிளாஸ்டிக் தகடு, மேலே வட்ட வட்டமாக நுண்ணிய வரிகள். அது பார்வையை விரித்து, சன்னலுக்குக் கீழே பக்கத்தில் ஒட்டி வரும் வண்டியைக் காட்டும். பிரிட்டனில் சாலை இடப்பக்கம். ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வரும் லோரிகளுக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம். நமக்கு லாவோஸில் இருக்கும் சிக்கலின் கண்ணாடிப் பிம்பம் அது. அதனால் அந்த லோரிகளுக்கு அரசே இந்த வில்லையை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. ஒட்டுவதற்குப் பசை வேண்டாம். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு கலந்து தெளித்து, வழுவழுப்பான பக்கம் கண்ணாடியோடு சேரும்படி வைத்து, காற்றுக் குமிழை நடுவிலிருந்து வெளியே தள்ள வேண்டும். இடம் முக்கியம். நீங்கள் ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்துகொண்டே இன்னொருவரை நகர்த்தச் சொல்லி வையுங்கள். சன்னலின் கீழ்ப்பாதியில், பின்பக்கமாக வரும்.

மூன்று தொல்லைகள். சன்னலை இறக்கினால் ரப்பர் விளிம்பு வில்லையைச் சுரண்டி உள்ளே இழுத்துவிடும். ஆக அந்தச் சன்னல் பயணம் முழுக்க மூடியே இருக்க வேண்டும். வெயிலில் வண்டியைப் போட்டால் தகடு நெளியும். பகலில் நெடுநேரம் நிறுத்தும்போது கழற்றிப் புத்தகத்துக்குள் வையுங்கள். இரவில் எதிர்விளக்குகள் அதில் கோடு கோடாகச் சிதறும். அதனால் இரவு ஓட்டத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

கேமரா

கேமரா விற்பவர் முன்பக்க இடது மூலையில் ஒன்றைப் பொருத்தி, ‘இனி முந்துவதற்குக் கவலையே இல்லை’ என்பார். கோணத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது உண்மை. இடது மூலையில் இருக்கும் கேமராவுக்கு லோரியின் பின்னால் 30 மீட்டரில் இருந்தே ஏறக்குறைய 300 மீட்டர் தூரத்துக் கார் தெரிய வேண்டும். ‘தெரிய வேண்டும்’ என்பதில்தான் சிக்கல். 1280 புள்ளி அகலப் படத்தில் 130 பாகை விரிவு என்றால் ஒரு பாகைக்குப் பத்துப் புள்ளி. 400 மீட்டரில் வரும் கார் அகலத்தில் கால் பாகைதான். படத்தில் இரண்டரைப் புள்ளி. ஏழு அங்குலத் திரையில் அது தூசி. அதே காரை நல்ல கண் ஆறு மடங்கு நுணுக்கமாகப் பிரித்தறியும். 50 பாகை குறுகிய வில்லை போட்டால் ஆறு ஏழு புள்ளி கிடைக்கும், கொஞ்சம் பரவாயில்லை. ஆக முன் கேமரா வாங்குவதென்றால் அகலக் கோணம் வேண்டாம் என்று கேட்டு வாங்குங்கள். அப்போதும் அது ‘வராதே’ என்று சொல்வதற்கு மட்டும்தான். திரையில் ஏதாவது தெரிந்தால் நிற்கலாம். ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகப் போகக்கூடாது.

இடது பின்கேமரா வேறு. அது உண்மையாகவே பயன்படும். இடது கண்ணாடியின் அடியில், பின்னோக்கி, 90 முதல் 100 பாகை விரிவு, பத்துப் பாகை கீழே சாய்த்து. படத்தின் எட்டில் ஒரு பங்கு வண்டியின் சுவர், மீதி பக்கத்துத் தடம். பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் படத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பக்கத்து வண்டி எவ்வளவு அருகில் என்று கணிக்க முடியாது. திரையை நடு டாஷ்போர்டில் வைக்காமல் இடது கண்ணாடியைப் பார்க்கும் திசையிலேயே வையுங்கள். ஒரே பார்வையில் இரண்டையும் பார்க்கலாம்.

வயரிங்கில் அடிக்கடி கெட்டுப்போவது இரண்டு. பின்கேமராக்கள் பெரும்பாலும் படத்தை இடம் வலமாகத் திருப்பிக் காட்டும்படி வரும். பின்னோக்கும் கேமராவுக்கு அது சரி. முன்னோக்கும் கேமராவுக்கு அப்படி இருந்தால் இடது வலமாகும், ஆபத்து. பல கேமராக்களின் வயரில் வெள்ளை அல்லது பச்சை நிறத்தில் சின்ன வளையம் ஒன்று தொங்கும். அதை வெட்டினால் படம் நேராகும். எது எதற்கு என்று வெட்டுவதற்கு முன்பே பட்டறையில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, இடது சிக்னல் போட்டால் திரை தானாக இடது கேமராவுக்கு மாற வேண்டும் என்று சிக்னல் வயரிலிருந்து இணைப்பு எடுப்பார்கள். சிக்னல் மின்னுவதால் திரையும் மின்னி மின்னி அணையும். சில வினாடிகள் பிடித்து வைக்கும் வசதியுள்ள திரை வாங்க வேண்டும், அல்லது நடுவில் டைமர் ரிலே வைக்க வேண்டும்.

படத்தில் கோடுகள் மேலே ஏறிக்கொண்டே இருந்தால் கேமராவின் எர்த்தும் திரையின் எர்த்தும் வேறு வேறு இடத்தில் பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே குளிர்பெட்டிக்கு இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் கோடு வந்தாலும் முதலில் எர்த்தைத்தான் பாருங்கள். மின்சாரத்தை வேனுக்குள் குளிர்பெட்டி போன்றவற்றுக்கு வைத்திருக்கும் தனி பேட்டரியிலிருந்து எடுக்காமல், சாவி போட்டால் வரும் இணைப்பிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக எடுங்கள். கம்பியில்லாக் கேமரா வேண்டவே வேண்டாம். படம் தாமதமாக வரும், சில நேரம் வராது. எப்போது வராது என்று அது முன்கூட்டிச் சொல்வதில்லை.

நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு இன்னொன்று. கண்ணாடியில் பார்க்கும்போது கண் தூரத்தைப் பார்க்கும் நிலையிலேயே இருக்கும். திரை 60 சென்டிமீட்டரில் இருப்பதால் கண் கிட்டப் பார்வைக்கு மாற வேண்டும். வெள்ளெழுத்து இருந்தால் அந்தப் படம் மங்கல்தான். இருபார்வை மூக்குக்கண்ணாடி அணிபவர் திரையைத் தாழ்வாகவே வைக்கட்டும்; உயரே வைத்தால் தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலிக்கும்.

சந்திகளும் பக்கத்து இருக்கையும்

சாய்வாக வந்து சேரும் முச்சந்தி மிக மோசம். வலப்பக்கச் சாலையில் பெரும்பாலான இணைப்புகளில் நீங்கள் வழிவிட வேண்டிய வண்டிகள் உங்கள் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வரும். ஓட்டும் இருக்கையிலிருந்து இடது சன்னலின் பின்தூண் 1.2 மீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் நேர் இடத்துக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பாகை வரைதான் தெரியும். வலது சன்னலில் முப்பதுக்கு மேல் தெரியும். ஆக சாய்ந்த சந்தியில் சாய்ந்தே போய் நின்றால் பார்க்க வேண்டிய சாலை அலமாரிக்குப் பின்னால் போய்விடும். சந்திக்கு முன்பே வலப்பக்கம் ஒதுங்கி, கடைசியில் இடப்பக்கம் வளைத்து, மூக்கு பெரிய சாலைக்குச் செங்குத்தாக நிற்கும்படி நிறுத்துங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

வட்டச் சந்தியில் வண்டிகள் எதிர்ச்சுழலில் இடப்பக்கமிருந்து வரும். அங்கேயும் பக்கத்து இருக்கைக்காரர்தான் உங்கள் கண்.

அவரோடு பேசும் சொற்களை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். நம் தமிழில் ‘போகலாம்’, ‘போகாத’ இரண்டும் ‘போ’ என்றே தொடங்கும். எஞ்சின் சத்தத்தில் முதல் எழுத்து மட்டும் காதில் விழும். ‘இல்ல’ இன்னும் மோசம்: வண்டி இல்லையா, போவதற்கில்லையா? ‘கார் வரல’ என்பதில் ‘கார்’ மட்டும் கேட்டால் பிரேக், ‘வர’ மட்டும் கேட்டால் குழப்பம். இரண்டே சொல் வைத்துக்கொள்ளுங்கள்: ‘காலி’, ‘நில்’. ஓசையில் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. மாமனார் ஓட்டினாலும் ‘நில்லுங்க மாமா’ என்று இழுக்க வேண்டாம். மரியாதையைச் சாப்பாட்டு நேரத்தில் சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவர் பார்த்ததைச் சொல்ல வேண்டும், முடிவெடுக்கக்கூடாது. ‘ஒரு லோரி, அதுக்குப் பின்னால காலி’ என்பது நல்ல செய்தி. ‘சட்டுனு போயிடலாம்’ என்பது செய்தியே இல்லை.

இடது சன்னலை மறைக்கும் பொருள்களை எடுத்துவிடுங்கள். முன்திரைச்சீலை, தொங்கும் மின்விசிறி, கைப்பேசிப் பிடி. டாஷ்போர்டுப் பிள்ளையார் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் இருந்தால் அவரை வலது மூலைக்கு நகர்த்துங்கள். பார்வையை மறைக்காத இடத்தில் இருந்தும் அவர் காப்பாற்றுவார். முன்பம்பரில் எலுமிச்சை மிளகாய் கட்டியிருந்தால் மூலைக் கேமராவுக்கு முன்னால் அது ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாத நாளில் அதன் தலையணையைக் கழற்றி வைக்கலாம். இருந்தால் கூடாது. கறுப்புத் தாள் விஷயத்தில், சாலைப் போக்குவரத்து இலாகா (ஜேபிஜே) 2019-இல் மாற்றிய விதிப்படி முன்கண்ணாடியில் குறைந்தது 70 விழுக்காடு, முன்பக்கச் சன்னல்களில் 50 விழுக்காடு வெளிச்சம் ஊடுருவ வேண்டும், பின்பக்கத்துக்கு வரம்பில்லை. 50 சட்டப்படி சரி. ஆனால் இரவில் விளக்கில்லாத சந்தியில் இடப்பக்கம் வரும் மோட்டாரைப் பார்ப்பதற்கு அந்த இருட்டு அதிகம். இடது முன்சன்னல் வெறுங்கண்ணாடியாக இருப்பதே நல்லது.

விளக்கு

பார்வை என்பது நீங்கள் பார்ப்பது மட்டுமில்லை. எதிரே வருபவர் கண்ணைக் கெடுக்காமலிருப்பதும் சேர்த்துத்தான். இடப்பக்கச் சாலைக்கான தாழ்விளக்கு இடது ஓரத்தில் மேல்நோக்கி ஏறும். ஓரத்தில் நடப்பவரைக் காட்டத்தான் அது. வலப்பக்கச் சாலையில் அந்த ஏற்றம் எதிரே வருபவர் முகத்தில் விழும்.

வண்டியைத் தண்ணீர்த் தொட்டி, சாமான், ஆள் எல்லாம் ஏற்றிய பிறகு சோதியுங்கள். நூறு லிட்டர் தண்ணீர் பின்னால் இருந்தால் நூறு கிலோ. பின்பக்கம் தாழ்ந்து மூக்கு உயரும். சமதளத்தில் வெள்ளைச் சுவருக்கு 10 மீட்டர் முன்னால் நிறுத்தித் தாழ்விளக்கைப் போடுங்கள். இடது பாதியில் கோடு மேலே வளைவது தெரியும். எச்4 பல்பு போட்ட, வரிக்கண்ணாடி விளக்கென்றால், ஓர் அட்டைத் துண்டால் கண்ணாடியின் பகுதிகளை ஒவ்வொன்றாக மறைத்துப் பாருங்கள். எந்த இடத்தை மறைத்தால் அந்த ஏற்றம் மட்டும் மறைகிறதோ அங்கே வெளிச்சம் புகாத டேப்பை ஒட்டுங்கள். இரண்டு விளக்கையும் தனித்தனியே சோதிக்க வேண்டும், ஒன்றின் மேல் துணி போட்டுவிட்டு. உருண்டை வில்லை வைத்த புரொஜெக்டர் விளக்கில் இந்த வித்தை பலிக்காது. வில்லையின் ஒரு பகுதியை மறைத்தால் மொத்த வெளிச்சமும் மங்குமே தவிர ஏற்றம் போகாது. சில வண்டிகளில் விளக்குக்குப் பின்னால் பக்கம் மாற்றும் சிறு நெம்பு இருக்கும். அது இல்லாவிட்டால் டாஷ்போர்டிலுள்ள உயரத் திருகியை இறக்குங்கள். எண் கூடக் கூட வெளிச்சம் தாழும். சுவரில் 10 சென்டிமீட்டர் இறங்கினால் ஒரு விழுக்காடு. வழக்கமான நிலையிலிருந்து இன்னொரு 10 இறக்கினால் போதும். அப்போது முன்னால் தெரியும் தூரம் குறையும். வேகத்தையும் குறைக்க வேண்டியிருக்கும். இரவில் ஓட்டாமலிருப்பதே எல்லாவற்றையும்விட எளிது.

லாவோஸில் முதல் நாளை எப்படிக் கழிப்பது? வியந்தியானிலிருந்து வாங் வியங்குக்கு 2020 டிசம்பரில் திறந்த விரைவுச்சாலை இருக்கிறது. எதிர்த்தடம் தடுப்புக்கு அப்பால் இருப்பதால் இடது கண்ணாடிக்குப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. சுங்கச் சாவடி சன்னல் இடப்பக்கம் வரும். கட்டணத்தைப் பக்கத்து இருக்கைக்காரர்தான் நீட்ட வேண்டும். ஃபிரெனல் வில்லை ஒட்டிய சன்னல் என்பதால் கதவைத் திறந்து கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது அன்றைக்கு மட்டும் வில்லையைக் கழற்றி வையுங்கள்.

மியன்மார் தனிக் கதை. அந்த நாடு 1970-இல் வலப்பக்கத்துக்கு மாறியது, வண்டிகள் மாறவில்லை. வலப்பக்கச் சாலையில் வலப்பக்க ஸ்டீயரிங்கோடு பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஊர் அது. வியட்நாமுக்கோ சீனாவுக்கோ போவதென்றால் வண்டிக்கே முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். கண்ணாடியைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

திரும்பி வரும்போது பாலத்தின் தாய்லாந்துக் கரையில் வண்டியை ஓரம் கட்டி விளக்கு டேப்பை உரித்துவிடுங்கள், உயரத் திருகியைப் பழைய எண்ணுக்குக் கொண்டுவாருங்கள், இடது கண்ணாடியைக் கொஞ்சம் உள்ளே திருப்புங்கள், முன்கண்ணாடி டேப்பையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உடோன் தானி போவதற்குள் அந்தப் புள்ளி உங்களைத் தவறான ஓரத்துக்கு இழுக்கும். விளக்கில் பசை ஒட்டியிருந்தால் பெட்ரோல், தின்னர் எதுவும் தொடாதீர்கள். பிளாஸ்டிக் விளக்குக் கண்ணாடி வெளுத்து வெடிக்கும். சமையல் எண்ணெய் தடவி பத்து நிமிடம் விட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவினால் போகும்.